கச்சேரிக்கு எடுத்து வைத்த முழங்கால்

சனிக்கிழமை மாலை, அடையாறு வகுப்பில், என் உள்ளங்கையில் ஓர் ஆட்டின் முழங்கால் மூட்டு இருந்தது. சென்ற வாரம் இந்தத் தொடரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். ஞாயிறு விடிந்தும் அதை வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. எங்கள் சமையலறைக்குள் முட்டைகூட வந்ததில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மாளவிகா. பகலில் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். மாலையில் லேப் டெக்னீஷியன் படிப்பு. மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அப்பா ஸ்ரீரங்கன் டெலிபோன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா விஜயலக்ஷ்மி வயலின் வாசிப்பவள்.

முப்பது வருஷமாகப் பக்கவாத்தியம். மார்கழி வந்தால் அவளுக்குக் கிடைப்பது மத்தியானக் கச்சேரிதான். பாதி நாற்காலி காலியாக இருக்கும், மீதிப் பாதி கேன்டீன் திறக்கக் காத்திருக்கும். பெண் வயலின் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன வித்வான்களும் உண்டு. இந்த வருஷம்தான் முதல் தடவையாக தி.நகர் சபா ஒன்றில் மாலைக் கச்சேரி. பாடப் போகிற ஸ்ரீவத்சன் இருபத்தேழு வயதுப் பையன். "விஜயலக்ஷ்மி மாமி வாசிச்சாத்தான் பாடுவேன்" என்று கமிட்டியிடம் பிடிவாதம் பிடித்து வாங்கினான்.

அந்தச் செய்தி வந்த வாரமே அம்மாவின் வலது முழங்கால் வீங்கியது.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். "குருத்தெலும்பு தேய்ஞ்சிருக்கும்மா. போனது திரும்ப வளராது. சமதரையில தினம் நடங்க, தொடைக்குப் பயிற்சி பண்ணுங்க, படியில எந்தக் காலை முதல்ல வைக்கணும்னும் சொல்லித் தரேன்." நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

வயலின்காரர்களுக்கு ஒரு பழக்கம். நல்ல தந்தியை அன்றாட சாதகத்துக்குப் போட மாட்டார்கள். பழையதில் தேய்த்துக்கொண்டு, புதியதை உறையோடு வைத்திருந்து, கச்சேரிக்கு நாலு நாள் முன்னால் பூட்டுவார்கள். அம்மா முழங்காலையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டாள்.

கபாலி கோயிலை நிறுத்தினாள். மாடிப்படி இறங்குவதை நிறுத்தினாள். தரையில் உட்காருவதே இல்லை. கட்டிலில் காலை நீட்டி, வயலினைத் தலையணை மேல் சாய்த்துக்கொண்டு சாதகம். கேட்டால், "ரெண்டரை மணி நேரக் கச்சேரிடி மாளு. இருக்கற கொஞ்ச நஞ்சத்தையும் படியிலயே தேச்சுடச் சொல்றயா?" என்பாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தும் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேய்கிற பொருளை எதற்கு மேலும் தேய்க்க வேண்டும்? சனிக்கிழமை மாலை வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஹபீபுர் ரஹ்மான் சார் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை மேஜையில் வைத்தார். இரண்டிலும் ஆட்டு மூட்டிலிருந்து சீவிய குருத்தெலும்புத் துண்டுகள். ஒன்று வெறும் தண்ணீரில் கிடந்தது. மற்றது காலையிலிருந்து பப்பாளிப் பாலில். முதல் துண்டை விரலால் அழுத்தினேன். ரப்பர் மாதிரி எதிர்த்தது. இரண்டாவது குழிந்தது, குழிந்தபடியே இருந்தது.

"எங்க வீட்ல முத்தின கறி வந்தா பப்பாளிக்காய அரைச்சுப் பூசிருவாங்க சார்," என்றாள் பக்கத்தில் இருந்த வஜீஹா. "அதுக்கு நாங்க டிப்ளமா எல்லாம் வாங்கல."

சாரும் சிரித்துவிட்டார். "நீங்க வெளியில இருந்து பூசறீங்கம்மா. முழங்கால்ல அது உள்ளேயே ஊறுது. அதான் வித்தியாசம்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். குருத்தெலும்பு என்பது ஒரு கயிற்று வலை. கயிறு கொலாஜன். கயிறுகளுக்கு இடையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற பஞ்சு மாதிரி ஒரு பொருள். இரண்டையும் செய்வது உள்ளேயே குடியிருக்கிற செல்கள். பழசானதை வெட்டி எடுக்கக் கத்தரிக்கோல் வேண்டும் அல்லவா, அதையும் அவையே செய்கின்றன. அந்தக் கத்தரிக்கோல்தான் என்சைம். கத்தரிக்கு உறை போடுகிற இன்னொரு பொருளும் உண்டு. வெட்டுவதும் நெய்வதும் சமமாக இருக்கும் வரை தொந்தரவு இல்லை. இந்த நோயில் கத்தரிகள் பெருகிவிடுகின்றன, உறைகள் போதவில்லை. முதலில் பஞ்சு போகிறது, அப்புறம் கயிறு அறுகிறது. அறுந்த துணுக்குகள் மூட்டுக்குள் மிதந்து போய் உள் சவ்வை உறுத்த, அது கோபித்துக்கொண்டு இன்னும் கத்தரி செய்யச் சொல்லி ஆள் அனுப்புகிறது.

"அதனால செருப்பு தேயற மாதிரி இது தேயறதுன்னு நினைக்காதீங்க," என்றார் சார். "பாரம் ஒரு காரணம், வயசு ஒரு காரணம். ஆனா அரிக்கிற வேலையை உள்ளே இருக்கிறவங்களே செய்யறாங்க."

அப்புறம் ஒரு முயல் கதை. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டில், பப்பாளி என்சைமை ஊசியில் முயலின் ரத்தத்துக்குள் செலுத்தினார்களாம். நிமிர்ந்து நின்ற காது இரண்டும் நாய்க்குட்டிக் காது மாதிரித் துவண்டு தொங்கிவிட்டன. சில நாளில் தானாக நிமிர்ந்தன. செல்கள் மறுபடி நெய்துவிட்டன.

நான் கை தூக்கினேன். வகுப்பில் அதிகம் கை தூக்குகிறவள் இல்லை. "சார், மனுஷங்க முழங்கால்லயும் அப்படி நிமிருமா?"

"அவ்வளவு சுலபமா நிமிராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"அப்ப நடக்காம, மடக்காம, அப்படியே வெச்சுக்கிட்டா..."

"பட்டினி போடறீங்கன்னு அர்த்தம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுல இருக்கற திரவம்தான் அதுக்குச் சாப்பாடு. நடக்கும்போது அழுந்தி, விட்டு, அழுந்தி, விட்டு, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் தண்ணி குடிக்குமே, அப்படித்தான் உள்ளே போகும். அசைக்கவே இல்லேன்னா யார் ஊட்டுவாங்க? தொடைச் சதையும் இளைச்சுடும், அப்புறம் பாரமெல்லாம் மூட்டு மேலதான். அதுக்காகக் குந்தி உக்காருங்கன்னு சொல்லலை. அளவா நடக்கணும்."

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தேகம். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா? முதல் டெஸ்ட்டில் பாஸ் மார்க் வாங்கவே திணறியவள். ஆட்டின் காலைப் பார்த்துவிட்டு அம்மாவின் காலைப் பற்றிப் பேச நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவத்சன் ஒத்திகைக்கு வருவதாக இருந்தது. அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து, உறையிலிருந்து புதுத் தந்தியை எடுத்துப் பூட்டிக்கொண்டாள்.

"கச்சேரிக்கு இன்னும் நாள் இருக்கேம்மா," என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாள் தரையில உக்காந்து பாக்கப் போறேன். அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "காப்பிப் பொடி வாங்கிண்டு வந்துடறேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனபோது தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குள் அவர் நிற்பது தெரிந்தது. ரிசீவரைக் கையால் பொத்திப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் போன் கெட்டுவிட்டதோ என்று உள்ளே வந்து எடுத்துப் பார்த்தேன். நன்றாக ரீங்காரம் கேட்டது. முப்பது வருஷம் டெலிபோன்ஸில் இருந்தவர் காசு கொடுத்துப் பூத்தில் பேசுகிறாரே என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் காப்பிப் பொடி இல்லை.

"கடை பூட்டியிருந்துது," என்றார். அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் மூடும். அம்மா குளியலறையிலிருந்து முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க என்னைக் கூப்பிட்டதால் நான் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஸ்ரீவத்சன் வந்தான். சுருதிப் பெட்டியை ஒரு கையில், வெற்றிலைக் கவுளியை மறு கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கினான்.

"மாமி, எப்படி இருக்கேள்?"

"எனக்கென்னடா. நீதான் இளைச்சுப் போயிட்டே. உங்காத்துல சாதம் போடறாளா, இல்லை வெறும் கீர்த்தனைதானா?"

ஹாலில் ஜமக்காளம் விரித்திருந்தது. அம்மா சுவரைப் பிடித்து, அப்பாவின் தோளைப் பிடித்து, கீழே இறங்கினாள். இடது காலை மடித்தாள். வலது காலைப் பாதி மடித்து முன்னால் வைத்தாள். நம் ஊர் முறையில் வயலினின் தலை வலது கணுக்காலில் வந்து உட்கார வேண்டும். அந்தக் கால்தான் வயலினுக்கு மேஜை. அது ஆடினால் எல்லாம் ஆடும்.

வர்ணம் தொடங்கினார்கள். இரண்டு மாதம் தலையணையில் சாய்ந்து கேட்ட வயலினா இது என்று இருந்தது. புதுத் தந்தி அறை முழுக்கப் பேசியது. ஸ்ரீவத்சன் தலையை ஆட்டிக்கொண்டு பாடினான். அப்பா மட்டும் அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வர்ணம் முடிந்து ஆலாபனை. அம்மாவின் மேலுதட்டில் வியர்வை. கணுக்கால் லேசாக நடுங்கியது. மேல் ஷட்ஜத்தில் ஸ்வரம் நெளிந்தது.

ஸ்ரீவத்சன் நிறுத்தினான். "என் சுருதி விலகறதா மாமி?"

"உன் சுருதி இல்லைடா கொழந்தே." அம்மா வில்லைக் கீழே வைத்தாள். "என் கால்."

 சுருதிப் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதை அணைத்தான்.

"ரெண்டு மாசமா ஒரு படி இறங்கலை. அத்தனையும் மிச்சம் பிடிச்சு வெச்சேன். அரை மணி தாங்கலை பாரு," என்றாள் அம்மா. அழவில்லை. தந்தி அறுந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிக் காலைப் பார்த்தாள். "நீ வேற யாரையாவது வெச்சுக்கோ. எனக்கு மனசுல ஒண்ணும் இல்லை."

மனசில் என்ன இருந்தது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, நீ மிச்சம் பிடிச்சதுதான் தப்போன்னு தோணறது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரிசையாகச் சொல்ல நினைத்திருந்தது எல்லாம் குழம்பிவிட்டது. கத்தரியை முதலில் சொன்னேன், வலையை அப்புறம் சொன்னேன், ஸ்பாஞ்சை நடுவில் செருகினேன். ஆட்டுக்காலும் வெளியே வந்துவிட்டது.

"ஆட்டுக்காலைத் தொட்டயா?" என்றாள் அம்மா.

"கையை நன்னா அலம்பிண்டேன்."

"அந்தக் கையாலதான் நேத்து ராத்திரி எனக்குத் தைலம் தேச்சே."

ஸ்ரீவத்சன் சிரிப்பை அடக்க இருமினான்.

"அம்மா, கேளேன். நல்ல தந்தியை எடுத்து வைக்கற மாதிரி நீ காலை எடுத்து வெச்சுட்டே. தந்திக்குள்ள உயிர் இல்லைம்மா, உறையில வெச்சா அப்படியே இருக்கும். குருத்தெலும்புக்குள்ள உயிர் இருக்கு. அது சாப்பிடணும். நீ நடந்தாத்தான் அதுக்குச் சாப்பாடு. அன்னிக்கு டாக்டரும் நடக்கச் சொன்னார், நீதான் பாதியோட எழுந்துண்டுட்டே. போனது வராது. இருக்கறது..." அதற்கு மேல் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. "இருக்கறது இருக்கும்னு சார் சொன்னார்."

அம்மா தன் முழங்காலைத் தடவினாள். ஏதோ வேலைக்காரர்களைப் பட்டினி போட்டது தெரிந்த எஜமானி மாதிரி இருந்தது முகம். "ரெண்டு மாசமா?" என்றாள் மெதுவாக.

"கச்சேரிக்குள்ள நடந்து எல்லாம் சரியாயிடுமா?" என்றான் ஸ்ரீவத்சன்.

"எனக்குத் தெரியாது. ஆகும்னு சொல்ல எனக்குப் பயமா இருக்கு. ஆனா இவ்வளவு மடக்காம உக்காந்தா வலி குறையும். இடுப்பு கொஞ்சம் உசந்தா போறும்."

அப்பா எழுந்து பூஜை மூலையிலிருந்த மணையைக் கொண்டுவந்தார். நாலு விரல் உயரப் பலகை. அதன் மேல் கம்பளியை மடித்துப் போட்டார்.

அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "பாடறவன் தரையில, பக்கவாத்தியம் உசரத்துலயா? பாக்கறவா என்ன சொல்லுவா? முப்பது வருஷத்துல நான் அந்த மாதிரி உக்காந்ததில்லை."

"மாமா, அது ஜோடி மணைதானே?" என்றான் ஸ்ரீவத்சன். "இன்னொண்ணு எங்கே?"

பரண் மேல் இருந்தது. அவனே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினான். தூசியைத் தன் அங்கவஸ்திரத்தால் துடைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சுருதிப் பெட்டியைப் போட்டான்.

"மிருதங்கத்துக்கும் ஒண்ணு பண்ணச் சொல்லிடலாம்," என்றான். "எல்லாரும் ஒரே உசரம்."

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினாள்.

மணையில் உட்கார்ந்ததும் வலது கால் சரிவாக இறங்கியது. முழங்கால் பாதிதான் மடங்கியது. கணுக்காலில் வயலின் உட்கார்ந்தது. ஆலாபனையை விட்ட இடத்தில் எடுத்தார்கள். வலி போய்விட்டது என்று எழுதினால் பொய். நடுவில் இரண்டு தடவை பல்லைக் கடித்தாள். ஆனால் பாதம் நடுங்கவில்லை. ஒரு பெரிய கீர்த்தனை முடிந்து, ஸ்வரத்தில் அவனை மடக்கிவிட்டு, அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

"என்னடா, மூச்சு வாங்கறே? மணை உசரம் ஒத்துக்கலையா?"

அப்பா காப்பி கலக்க உள்ளே போனார். அப்போது போன் மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"விஜயலக்ஷ்மி அம்மா வீடுங்களா? நான் சபா செகரட்டரி ரகுபதி பேசறேன். அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு? காலையில போன்ல சார் சொன்னதும் ரொம்ப வருத்தமாப் போச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. வேற ஒருத்தரைக் கேட்டிருக்கேன், இன்னிக்கே சொல்றேன்னார். அம்மாவை நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

 ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்தே அம்மா வில்லைத் தாழ்த்திவிட்டாள். கேட்டதை அப்படியே சொன்னேன்.

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலை மாமி," என்றான் ஸ்ரீவத்சன்.

சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். இரண்டு கையிலும் டம்ளர். காப்பி கொஞ்சம் சிந்தியது.

"நான்தான் விஜி," என்றார். "தினம் விடிகாலம்பர நீ பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுண்டு முனகறது எனக்குக் கேக்கறது. மேடையில, அத்தனை பேர் முன்னாடி, நீ எழுந்துக்க முடியாம... அதைப் பாக்க என்னால முடியாதுன்னு தோணித்து. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்னு அவர்கிட்ட கேட்டுண்டேன்."

 நான் பயந்த கோபம் அம்மாவுக்கு வரவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்து, கீழே வைத்தாள்.

"சக்கரை போடலை," என்றாள். பிறகு ஸ்ரீவத்சனிடம், "இவர் ஆயுசு முழுக்க அடுத்தவாளுக்கு லைன் குடுத்தே பழக்கம்டா. இன்னிக்கு ஆத்து லைனைத் தப்பா மாட்டிட்டார். செகரட்டரி வீடு எங்கே?"

"வடக்கு மாட வீதியில. நான் போய் பேசிட்டு வரேன் மாமி."

"நீ பேசினா அது பிடிவாதம். நான் போனாத்தான் பதில்." அவள் என் பக்கம் கையை நீட்டினாள். "தூக்கி விடு."

"ஆட்டோ கூப்பிடறேன்," என்றார் அப்பா.

"வேண்டாம். தெரு சமதரைதானே, நடந்தே வரேன். உங்க பொண்ணுதான் காலுக்குச் சாப்பாடு போடணும்கறா." செருப்பைத் தேடினாள். இரண்டு மாதமாக அது வாசல் அலமாரிக்கு அடியில் கிடந்தது. "அந்த மணையை எடுத்துக்கோங்கோ."

"மணை எதுக்கு விஜி?"

"அங்கே சோபாதான் இருக்கும். சோபாவில உக்காந்து வாசிக்க முடியுமா? அவர் கண்ணால பாக்கட்டும்."

கதவைப் பூட்டினேன். முதல் படியில் அம்மா நின்றாள். கைப்பிடியில் வைத்த கை இறுகியது.

"இறங்கும்போது வலிக்கற காலை முதல்ல வைக்கணும்மா," என்றேன். "ஏறும்போது நல்ல காலை." இது ஒன்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். டாக்டர் சொன்ன இரண்டாம் பாதியில் இருந்தது.

வலது பாதம் கீழ்ப் படியைத் தொட்டது. இடது பாதம் பக்கத்தில் வந்து சேர்ந்தது. முன்னால் ஸ்ரீவத்சன் வயலின் பெட்டியைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு, பின்பக்கமாகப் பார்த்துப் பார்த்து இறங்கினான். கல்யாணத்தன்று அம்மாவும் அவரும் உட்கார்ந்த ஜோடியில் ஒரு மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா பின்னால் வந்தார். அம்மா திரும்பாமலே இன்னொரு கையைப் பின்னால் நீட்டினாள். அப்பா பிடித்துக்கொண்டார்.

முதல் மாடித் திருப்பத்தில் இருந்தபோது, மேலே, பூட்டிய வீட்டுக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. கேட்டிருக்கிறேன் என்று ரகுபதி சொன்ன அந்த இன்னொருவரின் பதிலாக இருக்கலாம். நான் சாவியைத் தொட்டேன்.

"அடிக்கட்டும்," என்றாள் அம்மா. வலது காலை அடுத்த படியில் வைத்தாள்.